சோஷியல் நெட்வொர்க் டேட்டா அனாலிசிஸ்: 34 பேர்ல ஆரம்பிச்சு 4,039 பேர் வரைக்கும், படிப்படியா

சோஷியல் மீடியா டேட்டாவை வச்சு ப்ராஜெக்ட் பண்றேன்னு இறங்குற நிறைய பேர் முதல் நாளே ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் பண்ணி, கெஃபிங்கிற நெட்வொர்க் படம் வரையிற சாஃப்ட்வேர்ல போட்டு, கலர் கலரா ஒரு படம் வரைஞ்சு, அதுல நடுவுல பெருசா தெரியிற வட்டத்தைக் காட்டி இவர்தான் முக்கியமான ஆள்னு முடிச்சுடறாங்க. அந்த வட்டம் ஏன் பெருசா இருக்குனு கேட்டா பதில் வராது. பல நேரம் அதுக்குக் காரணம் அந்த ஆளே இல்ல, டேட்டாவை சேகரிச்ச விதம்தான். இந்த வழிகாட்டி முழுக்க நான் சுத்திச் சுத்தி அந்த இடத்துக்குத்தான் வரப் போறேன், ஏன்னா டூல் கத்துக்கிறது ஒரு வாரத்து வேலை, இதைப் புரிஞ்சுக்கலைன்னா எத்தனை வருஷம் பண்ணாலும் தப்பான நம்பரைத்தான் நம்பிட்டு இருப்போம்.

தேவையானது அதிகம் இல்ல. பைத்தான்ல லூப், டிக்ஷனரி எழுதத் தெரிஞ்சா போதும், கூகுள் கோலாப் இருந்தா பைத்தானுக்காக லேப்டாப்ல எதையும் இன்ஸ்டால் பண்ணவும் வேணாம். லைப்ரரி நெட்வொர்க்எக்ஸ், படம் வரைய கெஃபி, ரெண்டுமே இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

படி 1: கேள்வியை ஒரே வரில எழுதுங்க

"ட்விட்டர் அனாலிசிஸ் பண்ணப் போறேன்" அப்படிங்கிறது கேள்வி இல்ல. இந்தக் குழுவுல ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல செய்தியைக் கடத்துறது யாரு? ஒருத்தர் விலகிட்டா குழு உடையுமா? புதுசா வர்றவங்களுக்கு பழைய ஆளுங்க பதில் சொல்றாங்களா? இதெல்லாம் கேள்வி. முதல் கேள்விக்கு பிட்வீன்னெஸ் கணக்கு, அதாவது ஒருத்தர் மத்தவங்களுக்கு நடுவுல எவ்வளவு வர்றாருங்கிற அளவு வேணும், ரெண்டாவதுக்கு ஆர்ட்டிகுலேஷன் பாயிண்ட், அதாவது எடுத்துட்டா நெட்வொர்க் துண்டாகிற ஆளைத் தேடணும், மூணாவதுக்கு யார் யாருக்கு எப்போ பதில் போட்டாங்கங்கிற திசையும் நேரமும் வேணும். கேள்வி இல்லாம டேட்டாவைத் திறந்தா லைப்ரரில இருக்கிற எல்லா ஃபங்ஷனையும் ஓட்டிட்டு எதுக்கு ஓட்டினோம்னே தெரியாம உக்காந்திருப்பீங்க.

படி 2: எது நோடு, எது எட்ஜ்

ஆள் ஒவ்வொருத்தரும் ஒரு நோடு, ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற தொடர்பு எட்ஜ், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா எதைத் தொடர்புனு எடுத்துக்கப் போறீங்க? ஃபாலோ பண்றதா, ரிப்ளை போடுறதா, ஷேர் பண்றதா, ஒரே ஹேஷ்டேக் போட்டதா? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நெட்வொர்க் வரும். ஃபாலோங்கிறது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை அமுக்கின பட்டன், இன்னைக்கும் அவர் அதைப் படிக்கிறாரானு அது சொல்லாது. ரிப்ளை உயிருள்ள தொடர்பு, ஆனா அதுல பாதி சண்டையா இருக்கும், கோட்டுல நட்பும் சண்டையும் ஒரே மாதிரிதான் தெரியும். ஷேரை ஆதரவுனு பெரும்பாலும் எடுத்துக்கலாம், கிண்டலுக்கு ஷேர் பண்றவங்களும் இருக்காங்கங்கிறதை மறக்காம.

ஹேஷ்டேக்ல தனியா ஒரு ஆபத்து இருக்கு. ஒரே ஹேஷ்டேக் போட்டவங்க எல்லாரையும் ஒருத்தரோட ஒருத்தரை இணைச்சா, 100 பேர் போட்ட ஒரே ஒரு ஹேஷ்டேக் 4,950 எட்ஜை உருவாக்கும், அந்த 100 பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் யாருன்னே தெரியாம இருக்கலாம். அப்புறம் க்ளஸ்டரிங் (ஒருத்தரோட நண்பர்கள் தங்களுக்குள்ளயும் எவ்வளவு இணைஞ்சிருக்காங்கங்கிற அளவு) பயங்கர ஹையா இருக்கு, நெருக்கமான சமூகம்னு எழுதுவீங்க, அந்த நெருக்கத்தை உருவாக்கினது நீங்க. இப்படிப்பட்ட டேட்டால ஆள் ஒரு பக்கம், ஹேஷ்டேக் இன்னொரு பக்கம்னு பைபார்டைட் கிராஃபாவே வச்சுக்கிறது நல்லது, ஆள்களை மட்டும் இணைச்சே ஆகணும்னா குறைஞ்சது மூணு ஹேஷ்டேக்காவது பொதுவா இருந்தாதான் எட்ஜ்னு ஒரு வரம்பு வைங்க, வரம்பை ரெண்டு நாலுனு மாத்தி முடிவு மாறுதானும் பாருங்க.

படி 3: டேட்டா எங்க கிடைக்கும்

பழைய டுடோரியல் பல இப்ப வேலை செய்யாது. ஃபேஸ்புக்ல ஒரு ஆப்புக்கு பர்மிஷன் குடுத்தா குடுத்தவரோட நண்பர்கள் விவரமும் சேர்ந்து போற வசதி 2015 ஏப்ரலோட மூடப்பட்டுடுச்சு. அதுக்கு முன்னாடி அது எவ்வளவு திறந்து கிடந்துச்சுங்கிறது 2018ல கேம்ப்ரிட்ஜ் அனலிட்டிகாங்கிற அரசியல் ஆலோசனை நிறுவனத்தோட விவகாரத்துலதான் வெளிய தெரிஞ்சுது: ஆப்பை இன்ஸ்டால் பண்ணவங்க சுமார் 2,70,000 பேர்னு ஃபேஸ்புக் அப்ப சொன்னது, ஆனா டேட்டா போனது 8.7 கோடி பேர் வரைக்கும் இருக்கலாம்னும் அதே ஃபேஸ்புக்தான் சொன்னது. வகுத்துப் பாருங்க, ஒருத்தர் ஓகே அமுக்கினதுக்கு முந்நூறு பேருக்கு மேல. நெட்வொர்க் டேட்டா மத்த டேட்டா மாதிரி கிடையாதுங்கிறதுக்கு இதைவிட தெளிவான கணக்கு எனக்குத் தெரிஞ்சு இல்ல. ட்விட்டர் 2023 பிப்ரவரில இலவச ஏபிஐ-யை, அதாவது ப்ரோக்ராம் எழுதி டேட்டா எடுக்கிற வழியை, நிறுத்துறதா அறிவிச்சது, அதே வருஷம் ரெட்டிட்டும் ஏபிஐ-க்கு கட்டணம் வச்சுது.

இப்ப மிச்சம் இருக்கிறதுல நல்லது ப்ளூஸ்கை, மாஸ்டடான், விக்கிப்பீடியா, மூணுலயும் பொதுப் பதிவுகளை முறையா எடுக்க வழி இருக்கு. கத்துக்கிறதுக்கு மட்டும்னா ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியோட ஸ்நாப் (SNAP) நெட்வொர்க் டேட்டா கலெக்ஷன் போதும், யூரே லெஸ்கோவெக் குழு நடத்துறது, ரெடியா சுத்தம் பண்ண ஃபைல்கள் இருக்கு.

வாட்ஸ்அப் சேட்டை எக்ஸ்போர்ட் பண்ணி அனாலிசிஸ் பண்றவங்களுக்கு ஒண்ணு. அந்த டெக்ஸ்ட் ஃபைல்ல தேதி, நேரம், பேர், மெசேஜ் இருக்கும், யார் எந்த மெசேஜுக்கு ரிப்ளை பண்ணாங்கங்கிறது இருக்காது. அதனால அடுத்தடுத்து வர்ற மெசேஜை ரிப்ளைனு வச்சுக்குவாங்க, குரூப்ல மூணு பேச்சு ஒரே நேரத்துல ஓடுறப்ப அது மொத்தமா தப்பாப் போகும். குரூப்ல இருக்கிறவங்க யார்கிட்டயும் கேக்காம இதைச் செய்யவும் கூடாது.

படி 4: தமிழ் டெக்ஸ்ட்னா சுத்தம் பண்றதுல கூடுதல் வேலை

தமிழ் பதிவுகளை எடுத்துக்கிட்டா ரெண்டு இடத்துல அடி விழும், ரெண்டையும் எந்த இங்கிலீஷ் டுடோரியலும் சொல்லாது.

முதலாவது, பைத்தானோட வழக்கமான ரெஜெக்ஸ் லைப்ரரில, அதாவது டெக்ஸ்ட்டுக்குள்ள ஒரு அமைப்பைத் தேடிப் பிடிக்கிறதுல, எழுத்துனு பிடிக்கிற \w குறி இருக்குல்ல, அது நம்ம உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தா எண்ணாது. #தமிழ்நாடு அப்படிங்கிற ஹேஷ்டேக்கை அதை வச்சுப் பிடிச்சா கைல வர்றது "தம" மட்டும்தான், ம-வுக்கு அப்புறம் வர்ற இகரக் குறில அது நின்னுடும். எரர் எதுவும் வராது, அதான் மோசம், ஆயிரக்கணக்கான ஹேஷ்டேக் எல்லாம் ரெண்டெழுத்து மூணெழுத்தா வெட்டுப்பட்டு ஒண்ணோட ஒண்ணு கலந்து உக்காந்திருக்கும். அதனால எழுத்தைத் தேடாம, # குறில இருந்து அடுத்த இடைவெளியோ நிறுத்தற்குறியோ வர்ற வரைக்கும் எல்லாத்தையும் எடுங்க.

ரெண்டாவது, ஒகர எழுத்துகள். "கொ" அப்படிங்கிறதை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுத முடியும்: க-வுக்கு அப்புறம் ஒரே ஒகரக் குறி, இல்லன்னா க-வுக்கு அப்புறம் ஒத்தைக் கொம்பு தனியா கால் தனியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற வேற சொல், அதனால ஒரே ஹேஷ்டேக் ரெண்டு நோடாகும். யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி வகைல ஓட்டினா எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துடும். ஒரு வரி வேலை, எதையும் எண்ணுறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க.

மத்தபடி ஒரே எட்ஜ் ரெண்டு தடவை வந்திருக்கா, ஆள் தனக்குத்தானே ரிப்ளை போட்டு லூப் வந்திருக்கா, பேர் மாத்தினவர் ரெண்டு ஆளா இருக்காரானு பாருங்க. பேரை வச்சு ஆளை அடையாளம் காணாதீங்க, அக்கவுண்ட் ஐடி எண்ணை வைங்க.

படி 5: 34 பேர், கையால

பெரிய டேட்டாவுக்கு முன்னாடி ஒரு சின்ன கிராஃப்பை பேப்பர்ல வரைஞ்சு பழகுங்க. அதுக்கு ஏத்தது வேய்ன் ஸாக்கரிங்கிற ஆராய்ச்சியாளரோட கராத்தே கிளப் டேட்டா. அமெரிக்கால ஒரு யுனிவர்சிட்டி கராத்தே கிளப்பை 1970ல இருந்து 1972 வரைக்கும் பாத்து, 1977ல வெளியிட்டாரு. 34 பேர், 78 எட்ஜ். எட்ஜ்னா கிளப்புக்கு வெளியவும் பழகுறவங்கனு அர்த்தம், அதை அவர் தெளிவா வரையறுத்திருக்காரு. வகுப்புக் கட்டணத்துல தகராறு வந்து, மிஸ்டர் ஹைங்கிற மாஸ்டர் பக்கம் ஒரு கூட்டம், ஜான் ஏங்கிற நிர்வாகி பக்கம் ஒரு கூட்டம்னு கிளப் உடைஞ்சுடுச்சு. ரெண்டு பேருமே புனைபெயர்தான்.

நெட்வொர்க்எக்ஸ்ல கராத்தே கிளப் கிராஃப்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டா இது வந்துடும். ஸாக்கரி 1ல இருந்து எண்ணுறாரு, லைப்ரரி 0ல இருந்து எண்ணும், குழப்பிக்காதீங்க, நான் இங்க ஸாக்கரி எண்ணையே சொல்றேன்.

முதல்ல டென்சிட்டி. 34 பேருக்கு நடுவுல அதிகபட்சம் 561 ஜோடி சாத்தியம், அதுல 78 இருக்கு, வகுத்தா 0.139. அடுத்து டிகிரி, அதாவது ஒருத்தருக்கு எத்தனை எட்ஜ். 34ஆம் ஆளுக்கு 17, அவர்தான் ஜான் ஏ. 1ஆம் ஆளுக்கு 16, அவர் மிஸ்டர் ஹை. சராசரி 4.59.

இப்ப ஒரு கணக்கு போடுங்க, கையாலயே. எல்லார் டிகிரியையும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டினா 1,212 வரும், டிகிரிகளோட கூட்டுத்தொகை 156. வகுத்தா 7.77. ஒரு எட்ஜ் வழியா போய்ச் சேர்ற நண்பருக்கு சராசரியா 7.77 நண்பர்கள்னு அர்த்தம். ஆளோட சராசரி 4.59, நண்பரோட சராசரி 7.77. நம்ம நண்பர்களுக்கு நம்மளைவிட நண்பர்கள் அதிகங்கிற இந்த விஷயத்தை ஸ்காட் ஃபெல்ட் 1991ல விளக்கினாரு. நிறைய எட்ஜ் உள்ளவர் நிறைய பேரோட லிஸ்ட்ல வர்றதால அவர் திரும்பத் திரும்ப எண்ணப்படுறார், அவ்வளவுதான். சோஷியல் மீடியால எல்லாரும் நம்மளைவிட பாப்புலரா தெரியிறதுக்கும் இதுதான் கணக்கு. ஒருத்தர்ல ஆரம்பிச்சு அவர் நண்பர், அந்த நண்பரோட நண்பர்னு டேட்டா சேகரிச்சா இதே காரணத்தால பாப்புலரான ஆளுங்களே உங்க வலைல அதிகமா மாட்டுவாங்க.

க்ளஸ்டரிங்கையும் கையால பாத்துடலாம். 17ஆம் ஆளுக்கு ரெண்டே பேர், 6ம் 7ம், அவங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பழகுறவங்க, அதனால 17ஓட க்ளஸ்டரிங் 1. பத்தாம் ஆளுக்கும் ரெண்டே பேர், 3ம் 34ம், அவங்களுக்குள்ள தொடர்பு இல்ல, அதனால 0. ரெண்டு பேருக்கும் டிகிரி ஒண்ணுதான், ஆனா ஒருத்தர் ஒரு சின்ன வட்டத்துக்குள்ள பத்திரமா இருக்கார், இன்னொருத்தர் ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல நிக்கிறார். டிகிரியை மட்டும் பாத்தா இது தெரியவே தெரியாது.

கிளப் எப்படி உடையும்னு ஸாக்கரி மேக்ஸ் ஃப்ளோ மின் கட் முறைல, அதாவது ரெண்டு தலைவருக்கும் நடுவுல தொடர்பு எங்க ரொம்ப மெல்லிசா இருக்கோ அங்க வெட்டுற முறைல, கணிச்சாரு, ஒரே ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் சரியா வந்துச்சு. தப்பினது 9ஆம் ஆள். எட்ஜெல்லாம் அவரை ஜான் ஏ பக்கம் இழுத்துச்சு, ஆனா அவர் மிஸ்டர் ஹையோட போயிட்டாரு, ஏன்னா பிளாக் பெல்ட் டெஸ்ட்டுக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு, மாஸ்டரை விட்டுட்டா வருஷக்கணக்கான உழைப்பு போயிடும். இது எந்த எட்ஜ்லயும் இல்ல, ஸாக்கரி அங்க கூடவே இருந்ததாலதான் தெரிஞ்சுது. ஆன்லைன் டேட்டால நம்மள்ல யாரும் கூட இருக்கிறதில்ல, அதனால ஒரு நூறு பதிவையாவது கண்ணால படிங்க.

படி 6: 4,039 பேர்

ஸ்நாப்ல ஈகோ ஃபேஸ்புக்னு ஒரு டேட்டாசெட், ஜூலியன் மெக்காலியும் லெஸ்கோவெக்கும் 2012ல வெளியிட்டது. கம்பைண்ட்னு பேர் வர்ற ஃபைலை எடுங்க. ஒவ்வொரு வரிலயும் ரெண்டு எண், நடுவுல ஒரு இடைவெளி, இவங்க ரெண்டு பேரும் நண்பர்கள்னு அர்த்தம், வேற எதுவும் இல்ல. ரீட் எட்ஜ்லிஸ்ட் ஃபங்ஷன்ல நோடு வகையை இன்டிஜர்னு குடுத்து படிங்க, இல்லன்னா 107 எண்ணா இல்லாம எழுத்தா உக்காந்துக்கும், அப்புறம் தேடுறப்ப கிடைக்காது.

படிச்ச உடனே நோடு 4,039, எட்ஜ் 88,234 வருதானு பாருங்க, வரலைன்னா அடுத்த அடி வைக்காதீங்க. சராசரி டிகிரி 43.69, டென்சிட்டி 0.0108, சராசரி க்ளஸ்டரிங் 0.6055, டயாமீட்டர் (ரொம்ப தள்ளி இருக்கிற ரெண்டு பேருக்கு நடுவுல எத்தனை எட்ஜ்) 8, சராசரி தூரம் (ரெண்டு பேருக்கு நடுவுல சராசரியா எத்தனை எட்ஜ்) 3.69. எல்லாரும் ஒரே கனெக்டட் காம்போனென்ட்ல, அதாவது எட்ஜ் வழியா ஒருத்தர்கிட்ட இருந்து யாரையும் போய்ச் சேரக்கூடிய ஒரே துண்டுல, இருக்காங்க.

இங்கயே ஒரு ஆசை வரும். 2011ல ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்களும் மிலன் யுனிவர்சிட்டி ஆட்களும் சேர்ந்து 72.1 கோடி பேர், சுமார் 6,900 கோடி நட்பு உள்ள முழு ஃபேஸ்புக்கையும் அளந்து சராசரி தூரம் 4.74னு சொன்னாங்க. நம்ம டேட்டால 3.69, அப்ப இவங்க இன்னும் நெருக்கம்னு எழுதிடத் தோணும். எழுதாதீங்க, ஏன்னு அடுத்த படில.

படி 7: முக்கியமான ஆள் யாரு

டிகிரியை வரிசைப்படுத்துங்க. முதல் இடம் 107, நண்பர்கள் 1,045. அடுத்து 1684, 1912, 3437, அஞ்சாவது 0ஆம் ஆள், 347 பேர். பிட்வீன்னெஸ் கணக்கு போட்டா, அதாவது யார் ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற குறுக்கு வழியை எடுத்தாலும் அதுல இவர் எவ்வளவு தூரம் வர்றாருனு பாத்தா, 107க்கு 0.48. நெட்வொர்க்ல பாதி போக்குவரத்து ஒருத்தர் வழியா. மாபெரும் ஆள்னு தோணும்ல?

இப்ப டேட்டா பக்கத்துல இருக்கிற விளக்கத்தைப் படிங்க. இது பத்து பேர்கிட்ட சர்வே எடுத்து, அவங்க ஒவ்வொருத்தரோட நண்பர் வட்டத்தை எடுத்து ஒட்டின டேட்டா. அந்த பத்து பேர் யாரு? 0, 107, 348, 414, 686, 698, 1684, 1912, 3437, 3980. நம்ம டாப் அஞ்சு பேரும் அதுல இருக்காங்க. 107 பெரிய ஆள்ங்கிறதால பெருசா தெரியல, அவரோட நண்பர் லிஸ்ட் முழுசா நம்மகிட்ட இருக்குங்கிறதால பெருசா தெரியிறார். மத்தவங்களுக்கு அந்த பத்து வட்டத்துக்குள்ள விழுந்த நண்பர்கள் மட்டும்தான் நம்ம கைல, வெளிய அவங்களுக்கு இன்னும் ரெண்டாயிரம் பேர் இருந்தாலும் தெரியாது. க்ளஸ்டரிங் 0.6055ம் இதனாலயே ஊதிப் போன நம்பர்: சர்வே ஆளோட ரெண்டு நண்பர்கள் தங்களுக்குள்ள நண்பர்களா இருந்தா அங்க ஒரு முக்கோணம் தானா உருவாகிடும், ஏன்னா சர்வே ஆள் ரெண்டு பேரோடயும் இணைஞ்சிருக்காரு. சராசரி தூரமும் இந்த பத்து பேர் வழியா குறுக்கால போறதாலதான் சின்னதா இருக்கு.

டாப் இன்ஃப்ளூயன்சர்னு லிஸ்ட் வெளியிடுற ரிப்போர்ட்களைப் பாக்குறப்ப நான் முதல்ல தேடுறது இதைத்தான், எந்த அக்கவுண்ட்ல இருந்து டேட்டா எடுக்க ஆரம்பிச்சாங்கனு. அதைச் சொல்லாத ரிப்போர்ட்டை நான் பொருட்படுத்துறதில்ல.

அப்ப இந்த டேட்டால ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். பிட்வீன்னெஸ் லிஸ்ட்ல அஞ்சாவதா 1085னு ஒருத்தர் வர்றாரு, அளவு 0.149, சர்வே ஆள் 0ஐயே ஒரு மயிரிழைல முந்தி. இவர் அந்த பத்து பேர்ல இல்ல. டிகிரில முதல் எட்டுக்குள்ள கூட இல்ல. ஆனா வட்டங்களை இணைக்கிற இடத்துல இருக்காரு. 567, 58, 428ம் இப்படித்தான். இவங்கதான் இந்த டேட்டாவோட உண்மையான செய்தி. 1973ல மார்க் கிரானோவெட்டர் பலவீனமான தொடர்பு வழியாத்தான் புதுச் செய்தி வருதுனு சொன்னாரு, நெருங்கின நண்பர்களுக்குத் தெரிஞ்சது நமக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், எப்பவாவது பேசுறவர்தான் வேற உலகத்துல இருந்து தகவல் கொண்டு வருவாரு. 1085 நிக்கிற இடம் அந்த மாதிரி இடம்.

பயிற்சியா அந்த பத்து பேரையும் கிராஃப்ல இருந்து நீக்கிட்டு எல்லாக் கணக்கையும் திரும்பப் போடுங்க. சர்வே ஆள் மட்டுமே ஒரே நண்பரா இருந்தவங்க தனியா கழண்டு விழுவாங்க, பிட்வீன்னெஸ் வரிசை தலைகீழா மாறும். ரெண்டு முடிவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதினா அதுவே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

பிட்வீன்னெஸ் கணக்கு நேரம் எடுக்கும். 2001ல உல்ரிக் பிராண்டெஸ் கண்டுபிடிச்ச வேகமான முறைலயே நோடும் எட்ஜும் பெருக்கின அளவுக்கு வேலை, இங்க அது 35 கோடிக்கு மேல. நெட்வொர்க்எக்ஸ் காத்திருக்க வைக்கும். k அப்படிங்கிற ஆப்ஷன்ல 500னு குடுத்தா 500 நோடை மட்டும் சாம்பிள் எடுத்து தோராயமா சொல்லிடும், இல்லன்னா ஐகிராஃப் லைப்ரரிக்கு மாறிடுங்க, அது சி-ல எழுதினது, ரொம்ப வேகம்.

வெயிட் விஷயத்துலயும் கவனம். எட்ஜுக்கு வெயிட் குடுத்து, 10 தடவை பேசினவங்களுக்கு 10னு வச்சா, கம்யூனிட்டி கண்டுபிடிக்கிற ஃபங்ஷன் அதை நெருக்கம்னு எடுத்துக்கும், ஷார்ட்டஸ்ட் பாத் ஃபங்ஷன் அதே 10ஐ தூரம்னு எடுத்துக்கும். அதாவது அதிகம் பேசினவங்க ரொம்ப தள்ளி இருக்காங்கனு கணக்கு போடும். தூரக் கணக்குக்கு 1ஐ வெயிட்டால வகுத்து இன்னொரு காலம் (column) உருவாக்கிக்கோங்க.

படி 8: கூட்டங்களைப் பிரிக்கிறது

லூவைன் முறைதான் எல்லாரும் எடுக்கிறது, 2008ல வெளியானது, பெல்ஜியத்து லூவைன் யுனிவர்சிட்டி பேர்ல வந்த பேர். மாடுலாரிட்டிங்கிற அளவை அதிகப்படுத்துற மாதிரி கூட்டம் பிரிக்கும், அதாவது கூட்டத்துக்குள்ள இருக்கிற எட்ஜ் தற்செயலா வரவேண்டியதைவிட எவ்வளவு அதிகம்னு பாக்கும். நம்ம ஃபேஸ்புக் டேட்டால 0.83 பக்கத்துல வரும், ரொம்ப அதிகம், காரணம் பத்து வட்டத்தை ஒட்டின டேட்டாங்கிறதுதான்.

லூவைனை ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு பதில் வரலாம், உள்ளுக்குள்ள ரேண்டமா வரிசை எடுக்கும். அதனால சீடு எண்ணை (ரேண்டம் வரிசை எதுல இருந்து ஆரம்பிக்குதுங்கிற எண்) ஃபிக்ஸ் பண்ணி எழுதி வைங்க, அதோட பத்து வேற சீடுல ஓட்டி எந்த ஜோடிகள் எப்பவும் ஒண்ணாவே இருக்காங்கனு பாருங்க, அதுதான் நம்பக்கூடிய பகுதி. சில சமயம் லூவைன் உள்ளுக்குள்ளயே துண்டாகிக் கிடக்கிற கூட்டத்தைக் கூட ஒரே கூட்டம்னு சொல்லிடும், அதைச் சரி பண்ண 2019ல லெய்டன் முறை வந்துச்சு, முடிஞ்சா அதையே எடுங்க. சின்னக் கூட்டங்களை பெருசுக்குள்ள முழுங்கிடுற குறை மாடுலாரிட்டிலயே இருக்கு, 2007ல ஃபோர்ச்சுனாட்டோவும் பார்த்தெலமியும் காட்டினது. கூட்டம் பெருசா சின்னதா வரணும்னு சொல்ற ரெசல்யூஷன் எண்ணை மாத்திப் பாக்கிறது இதுக்காகத்தான்.

கராத்தே கிளப்ல வெயிட் இல்லாம மாடுலாரிட்டியை உச்சத்துக்குக் கொண்டு போனா 0.4198ல நாலு கூட்டம் வரும். நிஜத்துல கிளப் ரெண்டாத்தான் உடைஞ்சுது. அல்காரிதம் குடுக்கிறது ஒரு கணக்கோட விடை, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பேர் வச்சு இவங்க இந்தக் கட்சி அந்த சாதினு எழுதுறதுக்கு முன்னாடி வேற ஆதாரம் வேணும்.

படி 9: தற்செயலோட ஒப்பிடுங்க

எந்த நம்பரும் தனியா அதிகமோ கம்மியோ கிடையாது. 4,039 பேர், 88,234 எட்ஜ், கண்ணை மூடிட்டு இணைச்சா க்ளஸ்டரிங் டென்சிட்டி அளவுதான் வரும், 0.0108. அதைவிட நியாயமான ஒப்பீடு, ஒவ்வொருத்தரோட டிகிரியையும் அப்படியே வச்சுட்டு எட்ஜை மட்டும் கலைச்சுப் போடுறது, டபுள் எட்ஜ் ஸ்வாப்னு ஃபங்ஷன் இருக்கு. நூறு தடவை கலைச்சு நூறு நம்பர் எடுத்து, உங்க நிஜ நம்பர் அந்தக் கூட்டத்துல இருந்து எவ்வளவு விலகி நிக்குதுனு பாருங்க. விலகலைன்னா உங்க கண்டுபிடிப்பு வெறும் டிகிரியோட விளைவு. இந்த ஒரு படியைச் செய்யாம விடறவங்கதான் அதிகம்.

படி 10: கடைசியா படம்

சிஎஸ்வி ஃபைல்ல சோர்ஸ், டார்கெட்னு ரெண்டு காலம் (column) வச்சு கெஃபில இம்போர்ட் பண்ணுங்க, அப்ப வர்ற விண்டோல அன்டைரக்டட்னு மாத்துங்க. முதல்ல எல்லாம் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி இருக்கும். ஃபோர்ஸ் அட்லஸ் 2 லேஅவுட்டை ஓட விடுங்க, நிதானமா பிரிஞ்சு வரும், லின்லாக் டிக் பண்ணா கூட்டங்கள் இன்னும் தெளிவா விலகும், பிரிவென்ட் ஓவர்லேப்பை கடைசில மட்டும் போடுங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல மாடுலாரிட்டி ஓட்டி, அப்பியரன்ஸ்ல பார்ட்டிஷன் வழியா கலர், ரேங்கிங் வழியா சைஸ். ப்ரிவ்யூல பாத்துட்டு எஸ்விஜியா எக்ஸ்போர்ட். படத்துல மேல கீழ இடது வலதுக்கு எந்த அர்த்தமும் இல்ல, திரும்ப ஓட்டினா வேற மாதிரி சுழண்டு நிக்கும், பக்கத்துல இருக்கிற ரெண்டு நோடுக்கு நடுவுல எட்ஜே இல்லாமலும் இருக்கலாம்.

படி 11: வெளியிடுறதுக்கு முன்னாடி

பேரை நீக்கிட்டு எண் போட்டா போதும்னு நினைக்காதீங்க. 2009ல அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் பேர் எதுவும் இல்லாத ட்விட்டர் கிராஃப்பை எடுத்து, ஃப்ளிக்கர் கிராஃப்போட வடிவத்தை மட்டும் பொருத்தி, ரெண்டுலயும் அக்கவுண்ட் இருக்கிறவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேரை 12 சதவீதத் தவறோட அடையாளம் கண்டுட்டாங்க. யாரோட யார் இணைஞ்சிருக்காங்கங்கிற அமைப்பே ஒரு கைரேகை. அதனால தனி ஆளுங்க டேட்டாவை எட்ஜ் லெவல்ல வெளிய விடாதீங்க, மொத்தக் கணக்கை மட்டும் குடுங்க. யாரோ ஒருத்தரோட பதிவை அப்படியே மேற்கோள் காட்டாதீங்க, தேடினா அஞ்சு நிமிஷத்துல ஆள் கிடைச்சுடுவாரு. மதம், சாதி, உடல்நலம், அரசியல் சம்பந்தப்பட்ட குழுக்கள்ல இது உயிர் போற விஷயமாகவும் ஆகலாம், அங்க நான் டேட்டாவையே எடுக்கிறதில்ல.

எழுதுறப்ப டேட்டா எடுத்த தேதி, எந்த அக்கவுண்ட்ல இருந்து ஆரம்பிச்சது, எட்ஜோட வரையறை, நீக்கினது என்ன, சீடு எண், லைப்ரரி வெர்ஷன், இவ்வளவும் முதல் பக்கத்துலயே இருக்கணும்.

அடுத்து என்ன

இது வரைக்கும் பாத்தது திசை இல்லாத கிராஃப். திசையுள்ளதுக்கு ஸ்நாப்லயே விக்கி வோட் எடுங்க, இங்கிலீஷ் விக்கிப்பீடியால அட்மின் தேர்தல்ல யார் யாருக்கு ஓட்டு போட்டாங்கனு 2008 ஜனவரி வரைக்கும் உள்ளது, 7,115 நோடு, 1,03,689 எட்ஜ். திசையைக் கண்டுக்காம பாத்தா 7,066 பேர் ஒரே காம்போனென்ட்ல இருப்பாங்க. திசையை மதிச்சு, போகவும் வரவும் வழி இருக்கிற ஸ்ட்ராங்லி கனெக்டட் காம்போனென்ட் பாத்தீங்கன்னா 1,300 பேர்தான். மிச்சம் பேர்ல பெரும்பாலானவங்க ஓட்டு போட்டாங்க, தேர்தல்ல நிக்கல. இன்டிகிரி (உள்ள வர்ற எட்ஜ்), அவுட்டிகிரி (வெளிய போற எட்ஜ்), பேஜ்ரேங்க் (முக்கியமானவங்ககிட்ட இருந்து வர்ற எட்ஜுக்கு அதிக மதிப்பு குடுக்கிற அளவு) மூணையும் தனித்தனியா வரிசைப்படுத்தி மூணு லிஸ்ட்லயும் வர்றவங்க யாருனு பாருங்க, ஆனா அதுக்கு முன்னாடி டேட்டா விளக்கத்தை ஒரு தடவை முழுசா படிங்க, அதுல ஒரு எட்ஜ்னா ஆதரவு ஓட்டு மட்டுமா எதிர்ப்பும் சேர்த்தாங்கிறதுல இருந்து ஆரம்பிங்க.